வெள்ளைத் தாளுக்கு அடியில் ஓர் ஊர்ப்பெயர்

வணக்கம் நண்பர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தாவரவியல் பூங்காவை ஒட்டியுள்ள ஹெர்பேரியத்தில் இருந்து, அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் தைத்துப் பாதுகாக்கும் காப்பகத்தில் இருந்து, பேசுகிறேன். மேசையில் இருப்பது என்செஃபலார்டோஸ் நட்டாலென்சிஸ், இந்தப் பக்கத்துக் காட்டுச் சைகாட், பனை போலத் தோன்றிக் கூம்பு விடும் செடி. இதன் ஓலை ஆள் உயரத்தையும் தாண்டும். தாளில் முழுதாக அடங்காது என்பதால் அடி, நடு, நுனி என்று வெட்டித் தைத்திருக்கிறார்கள்.

அடித்துண்டை நெருங்கிக் காட்டுகிறேன். காம்பை நோக்கி இறங்க இறங்கச் சிற்றிலைகள் சிறுத்து, கடைசியில் வெறும் முள்ளாகிவிடுகின்றன, பாருங்கள். இனத்தை அடையாளம் காண இந்த முள் வேண்டும். நுனியை மட்டும் ஒடித்து வருபவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். கூம்புக்குத் தனிப் பெட்டி. பச்சையோ பழுப்பாகிவிட்டது. தண்டின் உயரம், கூம்பின் நிறம் எல்லாம் சேகரித்தவர் அன்றே எழுதிவைத்தால்தான் உண்டு.

மூலையில் உள்ள விவரச் சீட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்தது நான்தான். செடி எடுத்த இடம் அதன் அடியில் எழுதியிருக்கிறது. சைகாட்களைத் தோண்டி விற்கும் திருடர்களுக்கு அந்த ஒரு வரி போதும். என்செஃபலார்டோஸ் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருந்தும் திருட்டு நிற்கவில்லை. முன்பு ஒரு வீடியோவில் வேறொரு செடியின் சீட்டை அப்படியே காட்டிவிட்டேன். மாணவி ஒருவர் எழுதிக் கேட்ட அன்றே அதை நீக்கினேன். இன்றும் மனம் உறுத்துகிறது.

ஓர் இடத்தை மட்டும் தாராளமாகச் சொல்லலாம்: ஓங்கோயே காடு. இந்த ஹெர்பேரியத்தை 1882-இல் தொடங்கிய ஜான் மெட்லி உட், 1895-இல் அங்கே ஒரு சைகாட்டைக் கண்டார். ஒரே தூரில் நான்கு தண்டுகள், ஆண் செடி. 1907-இல் இரண்டு பெரிய தண்டுகள் இந்தப் பூங்காவுக்கு வந்தன. 1916-இல் கடைசித் தண்டையும் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அது 1964-இல் பட்டுப்போனது. உட்டின் பெயராலேயே அந்தச் செடியை என்செஃபலார்டோஸ் உட்டியை என்கிறார்கள். உலகில் எந்தத் தோட்டத்தில் அது நின்றாலும், அந்த ஓர் ஆணின் தண்டோ, அதன் பக்கக்கன்று வழி வந்ததோதான். பெண் செடியை இதுவரை யாரும் கண்டதில்லை. டிரோன்களைப் பறக்கவிட்டு அந்தக் காட்டில் இன்னும் தேடுகிறார்கள். கிடைத்துவிட வேண்டும் என்று நானும் ஏங்குகிறேன். கிடைத்தால், எந்த மேட்டில் என்பது சீட்டில் முழுதாக இருக்கட்டும், வீடியோவில் வேண்டாம்.

தாளை உறைக்குள் வைத்துவிட்டேன். வாருங்கள், பூங்காவுக்குப் போவோம். 1907-இல் வந்த மரம் ஆரஞ்சு நிறத்தில் கூம்பு விட்டிருக்கிறது.