வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய நிலம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பதிவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வரலாறு படிப்பது ஓய்வுக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் அமெரிக்கா விரிந்த கதையைப் படிக்கும்போதும் கண் பத்திரத்தைத்தான் தேடுகிறது. விற்றவர் யார்? அவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது? நான்கெல்லை எழுதியிருக்கிறதா? வில்லங்கம் உண்டா?

பிரான்ஸிடமிருந்து அமெரிக்கா லூசியானா நிலப்பரப்பை வாங்க, 1803 ஏப்ரல் 30 தேதியிட்டு பாரிஸில் எழுதப்பட்ட கிரயத்தை எடுத்துக்கொள்வோம். விலை 1.5 கோடி டாலர். பரப்பு சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் ஏக்கர் 3 சென்ட்டுக்கும் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் இதை வாங்கப் போகவே இல்லை. மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. உள்நாட்டு விவசாயிகளின் விளைச்சல் அந்த வழியாகத்தான் கப்பலேற வேண்டும். அதற்குத்தான் அதிபர் ஜெபர்சன் தூதர்களை அனுப்பினார். பிரெஞ்சு அமைச்சர் தாலிரான் திடீரென்று, முழு லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள் என்று கேட்டார். வீட்டு வாசல் திண்ணையை விலை பேசப் போனவனிடம் ஊரையே எடுத்துக்கொள் என்றது போல.

நெப்போலியனுக்கு ஏன் இந்த அவசரம்? விடை கரீபியக் கடலில் இருக்கிறது. பிரான்ஸ் ஆண்ட, சர்க்கரை விளைந்த சான்டோமிங்கு தீவில், இன்றைய ஹெய்ட்டியில், அடிமைகளாக இருந்தவர்கள் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்றிருந்தார்கள். அவர்களை அடக்க நெப்போலியன் அனுப்பிய பெரும்படை, போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழிந்தது. படைத்தலைவராகப் போன அவருடைய தங்கையின் கணவர் லெக்ளேரும் அங்கேயே இறந்தார். அந்தத் தீவுக்கு உணவு அனுப்பத்தான் லூசியானா வேண்டியிருந்தது; தீவு கைவிட்டுப் போனபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரிட்டனோடு போர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, பணம் வேண்டும். அமெரிக்காவின் பரப்பு இரு மடங்கானதற்கு அந்தத் தீவு மக்கள் சிந்திய இரத்தமும் ஒரு காரணம் என்பதை நாம் படித்த பாடப் புத்தகங்கள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்று: அமெரிக்கா கொடுத்த கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டு நெப்போலியனுக்குப் பணம் புரட்டித் தந்ததில் லண்டன் பேரிங் வங்கிக்கும் பங்குண்டு. எதிரி நாட்டு வங்கி!

சரி, தாய்ப்பத்திரம்? அந்த நிலத்தை ஸ்பெயினிடமிருந்து பெற்றபோது, வேறு எவருக்கும் கைமாற்றுவதில்லை என்று பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. ஸ்பெயின் ஆட்சேபித்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கெல்லை? அமெரிக்கத் தூதர் எல்லையைக் கேட்டபோது தாலிரான், நல்ல பேரம் முடித்திருக்கிறீர்கள், முடிந்த மட்டும் பயன்படுத்திக்கொள்வீர்கள் என்று சொல்லி நழுவிவிட்டார். இப்படி ஒரு பத்திரம் என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வில்லங்கத்தில் பெரியது, அங்கே காலங்காலமாக வாழ்ந்திருந்த மக்கள். ஓட்டோ, மாண்டன், லக்கோட்டா என்று எத்தனையோ இனத்தார். பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை. 1804 மே மாதம், நிலத்தை ஆராய்ந்து வர ஜெபர்சன் அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் மிசூரி ஆற்றில் புறப்பட்டார்கள். ஆகஸ்டில் ஓட்டோ தலைவர்களைக் கூட்டி, உங்கள் பழைய தந்தையர் கடல் கடந்து போய்விட்டார்கள், இனி வாஷிங்டனில் இருப்பவரே உங்கள் தந்தை என்று அறிவித்தார்கள். தந்தை மாறிய செய்தி பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பயணத்தின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டே கால் ஆண்டுக்கு மேல் நடந்தும் படகு வலித்தும் பசிபிக் கடலைத் தொட்டுத் திரும்பினார்கள். ஷொஷோனி இனப் பெண் சகாகவியா, முதுகில் கைக்குழந்தையோடு கூடவே போனார். மலை கடக்கக் குதிரைகள் வேண்டியிருந்தபோது பேச்சு நடத்திய ஷொஷோனித் தலைவர், அவருடைய சொந்த அண்ணனாகவே இருந்தார். திரும்பியதும் வீரர்களுக்கு இரட்டிப்புச் சம்பளமும் நிலமும் கிடைத்தன. சகாகவியாவுக்கு ஒன்றுமில்லை; சம்பளம் அவர் கணவருக்கு. கிளார்க்கின் அடிமையாக உடன்போன யார்க்குக்கும் ஒன்றுமில்லை. விடுதலை கேட்டபோதும் கிளார்க் உடனே கொடுக்கவில்லை.

அடுத்து மெக்சிகோ. இங்கே விற்க விருப்பமில்லாதவரிடம் கிரயம் எழுதி வாங்கிய கதை. அதிபர் போல்க் முதலில் விலை பேச ஆள் அனுப்பினார். மெக்சிகோ வரவேற்கவே இல்லை. நூயெசஸ் ஆறா, ரியோ கிராண்டே ஆறா, எது அமெரிக்காவோடு புதிதாகச் சேர்ந்திருந்த டெக்சாஸின் எல்லை என்பது தகராறு. தகராறுள்ள அந்த இடைநிலத்துக்குள் படையை அனுப்பினார். 1846 ஏப்ரலில் துப்பாக்கி வெடித்ததும், அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டது என்று முழங்கினார். மறு ஆண்டு டிசம்பரில் இல்லினாய்ஸிலிருந்து வந்த புது உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றத்தில் எழுந்து, இரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்றார். அவர் ஆபிரகாம் லிங்கன். நல்ல சர்வேயர் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு காலத்தில் அவர் சர்வேயர் வேலையும் பார்த்தவர்தான்.

தலைநகரையே பறிகொடுத்த மெக்சிகோ 1848 பிப்ரவரி 2 அன்று கையெழுத்திட்டது. கலிபோர்னியா உட்படப் பெருநிலம் போயிற்று. கைக்கு வந்த தொகை, மறுபடியும் அதே 1.5 கோடி டாலர். கையெழுத்துக்கு ஒன்பது நாள் முன்னால் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. பேரம் பேசிய இரு தரப்புக்கும் அது தெரியாது. 1867இல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அலாஸ்காவைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

லூசியானா பத்திரத்துக்கே திரும்புகிறேன். அந்த நிலத்துக்குள் தெற்கு டகோட்டாவில் கருங்குன்றுகள் இருக்கின்றன. லக்கோட்டா மக்களுக்குப் புனிதமானவை. 1868 உடன்படிக்கையில் அவை அவர்களுக்கே என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் தென்பட்டது; 1877இல் அரசே எடுத்துக்கொண்டது. எடுத்து நூறு ஆண்டுக்கு மேலான பிறகு, 1980இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நியாயமான ஈடு தராமல் எடுத்தது தவறு, வட்டியோடு சேர்த்துப் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுங்கள் என்பது தீர்ப்பு. அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். மலைதான் வேண்டும் என்கிறார்கள். வட்டி ஏறி 100 கோடி டாலரைத் தாண்டிவிட்ட அந்தத் தொகை, இன்றும் அரசுக் கணக்கிலேயே கிடக்கிறது.