நாய் எந்த இடத்தைச் சொறிகிறது?

வணக்கம் நேயர்களே. ஒவ்வாமை என்றால் நமக்குத் தும்மலும் மூக்கொழுகலும்தான் நினைவுக்கு வரும். நாய்க்கு அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும், அரிப்பாக. அதனால் நாய் சொறிகிறது என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாதீர்கள். எந்த இடத்தைச் சொறிகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்.

வால் தொடங்கும் இடம், இடுப்பு, பின்தொடை. இங்கெல்லாம் கடித்துக் கடித்து முடி கொட்டியிருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். "எங்கள் நாய் மேல் ஒரு பூச்சிகூட இல்லையே" என்று பலர் சொல்வார்கள். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும். பூச்சியை அதுவே நக்கி விழுங்கியும் இருக்கும். சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம்; கசிவது நாய் இரத்தம்.

பாதத்தை நக்குவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது, அக்குளும் அடிவயிறும் சிவப்பது, அடிக்கடி காதில் புண் வருவது, இவை வேறு வகை. வீட்டுத் தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும். பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கிவிடும். பாதம் நக்குவதை ஏதோ பழக்கம் என்று விட்டுவிடுகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். வெள்ளை முடியில் துருநிறம் ஏறியிருந்தால் அது எச்சில் கறை. பல நாளாகவே அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடலூர், புதுச்சேரி மாதிரி ஈரக்காற்று வீசும் ஊர்களில் பூஞ்சையும் சுலபமாகச் சேர்ந்துகொள்ளும். தோல் கறுத்துத் தடிக்கும், குளிப்பாட்டிய மறுநாளே சிக்கு வாடை அடிக்கும்.

உணவு ஒவ்வாமைக்கும் இதே அறிகுறிகள்தான், சில நாய்களுக்கு வயிறும் கெடும். இரத்தப் பரிசோதனையை வைத்து இதை உறுதி செய்ய முடியாது. டாக்டர் சொல்லும் புது உணவை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பிள்ளைகள் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை கெட்டுவிடும்.

காது ஓரமும் முழங்கையும் அரித்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிப்பு வந்தால் அது ஒட்டிக்கொள்ளும் சொறியாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் இதையெல்லாம் தயவுசெய்து தடவாதீர்கள். தோலைப் பொசுக்கும், நக்கினால் உள்ளேயும் போகும். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமும் போகலாம். அப்புறம் ஒன்று, அன்று காலையில் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம். தோலிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.