நோய்க்கு ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, புற்றுநோய்த் துறையின் மூத்த பேராசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கதிரியக்கப் பிரிவுத் தொழில்நுட்பர்களே, செவிலியர்களே, ஆய்வு மாணவர்களே, எல்லோருக்கும் மேலாக, அரிய நோயோடு போராடும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே தலைமையேற்க இசைந்த விழாத் தலைவர் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். முதல்வர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளை இந்த அவையின் அன்பாகவே எடுத்துக்கொள்கிறேன். பேராசிரியர் அம்மையார் பேசியபின் புற்றுநோயைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் மிச்சமில்லை. அவரிடம் படித்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். அவருக்கு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள்.

அழைப்பிதழில் மூன்று பொருள்கள் போட்டிருக்கிறீர்கள்: கதிர்வீச்சின் விளைவுகள், அரிய நோய்கள், புற்றுநோய்க்கான புதிய மருந்துச் சோதனைகள். அந்த வரிசையிலேயே போகிறேன். எந்த மேடை ஏறினாலும் நான் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. கதிர்வீச்சு ஆராய்ச்சியின் வரலாறு முழுவதும் இந்த நான்கு சொற்களுக்குள் இருக்கிறது.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உலகமே கொண்டாடியது. அளக்கத்தான் யாரும் இல்லை. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர், எக்ஸ் கதிர்க் குழாயைத் தன் கையை வைத்தே சோதித்துச் சோதித்து, கை புண்ணாகி, அது புற்றாகி, 1904-ல் இறந்தார். ரேடியத்தோடே வாழ்ந்த மேரி கியூரி அம்மையார் 1934-ல் இரத்தம் ஊறாத நோயால் மறைந்தார்.

இப்போது உங்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்து. இரத்தப் புற்றுநோயால் இறக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். இரண்டு வயது, மூன்று வயது, நான்கு வயது. ஏன் என்று யாருக்கும் புலப்படவில்லை. ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்றொரு மருத்துவர். டாக்டர்களுக்குத் தெரியாதது தாய்க்குத் தெரிந்திருக்கும், தாயைக் கேட்போம் என்றார் அந்த அம்மையார். ஆய்வுக்குக் கிடைத்தது வெறும் ஆயிரம் பவுண்ட். கொடுத்தது யார் தெரியுமா? லேடி டாடா நினைவு நிதி! 1931-ல் இரத்தப் புற்றுநோய்க்குப் பலியான மெஹர்பாய் டாடா அம்மையாரின் நினைவாக அவர் கணவர் தோராப்ஜி டாடா ஏற்படுத்திய அறக்கட்டளை. மனைவியைப் பறிகொடுத்த ஒருவரின் துக்கம், கடல் கடந்து போய் யார் யார் பிள்ளைகளையோ காப்பாற்றக் கிளம்பியது. (கைதட்டல்)

அந்தப் பணத்தில் கேள்வித்தாள் அச்சடித்தார்கள். ஊர் ஊராகச் சுகாதார அதிகாரிகள் வழியே அது வீடுகளுக்குப் போயிற்று. புற்றுநோயில் பிள்ளையை இழந்த தாயிடம் ஒன்று. அதே ஊரில், அதே வயதுப் பிள்ளை நலமாக இருக்கும் தாயிடம் ஒன்று. பிள்ளைக்கு என்ன காய்ச்சல் வந்தது? ஊசி போட்டீர்களா? வீட்டில் நாய், பூனை உண்டா? சாயம் போட்ட மிட்டாய் தின்பானா? இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு வரி: கர்ப்பமாக இருந்தபோது எக்ஸ்ரே எடுத்தார்களா?

விடைகள் வரத் தொடங்கின. நாயிலும் மிட்டாயிலும் வேறுபாடு தெரியவில்லை. அந்த ஒரு வரியில் தெரிந்தது. வயிற்றுப் பகுதியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார், பிள்ளையை இழந்தவர்களிடையே ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1956-ல் முதல் அறிவிப்பு, 1958-ல் விரிவான கட்டுரை.

மருத்துவ உலகம் நம்பியதா? இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அல்லும் பகலும் துருவித் துருவி நினைத்துப் பார்ப்பாள், பிள்ளை ஓடியாடி விளையாடும் வீட்டுக்காரி மறந்திருப்பாள், ஆகவே இந்தக் கணக்கு செல்லாது என்றார்கள். நியாயமான கேள்விதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விடை எங்கிருந்து வந்தது? 1962-ல் அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன் என்ற ஆய்வாளர் யாருடைய நினைவையும் நம்பவில்லை. 37 மருத்துவமனைகளில் பிறந்த 7,34,243 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். தாய்க்கு எக்ஸ்ரே எடுத்தது பிள்ளை பிறக்கும் முன்பே ஏட்டில் ஏறியிருந்தது. எழுதியவருக்குப் பின்னால் வரப்போகும் நோய் தெரியாது. அந்த ஏடு சொன்னது: எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளிடம் புற்றுநோய் மரணம் சுமார் 40 சதவீதம் அதிகம்.

தாயின் கண்ணீரை நம்பாத உலகம் குமாஸ்தாவின் பேனாவை நம்பியது. இது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பேனா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அதனால்தான்.

இரோஷிமா, நாகசாகி ஆய்வும் இப்படித்தான். குண்டு விழுந்த நொடியில் எவ்வளவு தூரத்தில் நின்றார், நடுவில் சுவர் இருந்ததா என்று ஆள் ஆளாக விசாரித்து, ஏறத்தாழ 1,20,000 பேரைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்தார்கள். இரத்தப் புற்று சில ஆண்டுகளில் தலைகாட்டியது. மற்ற புற்றுகள் வெகுகாலம் கழித்து. இன்று கதிரியக்கப் பிரிவில் வேலை செய்பவருக்கு உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகில் ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்று உலக அளவில் பரிந்துரைக்கும் வரம்புக்கு அந்த ஆய்வே பெரிய ஆதாரம்.

அடுத்து அரிய நோய். ஏடாக்ஸியா டெலாஞ்செக்டேசியா என்று ஒன்று. நடை பழகும் பிள்ளை தள்ளாடும்; கண் வெள்ளையில் மெல்லிய சிவப்பு இரத்தக் குழாய்கள் படரும்; புற்றுநோயும் எளிதில் வரும். அப்படி வந்த சில பிள்ளைகளுக்கு 1960களில் வழக்கமான அளவில் கதிர் சிகிச்சை கொடுத்தபோது, மற்றவர்கள் தாங்கும் அளவையே அவர்கள் உடல் தாங்கவில்லை. ஏன்? குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தையும் வம்சாவளிக் குறிப்பையும் வைத்து 1988-ல் கோளாறு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். 1995-ல் ஏ.டி.எம். என்ற மரபணு பிடிபட்டது. டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்தால் செல்லுக்குள் எச்சரிக்கை எழுப்புவது அந்த மரபணு தரும் புரதம்தான். கதிர், புற்று, அரிய நோய் என்று நாம் மூன்று துறையாகப் பிரித்தது ஒரே குழந்தையின் உடம்பில் ஒன்றாக இருக்கிறது.

ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் 1971-ல் கண் புற்று வந்த 48 குழந்தைகளின் மருத்துவக் குறிப்பை எடுத்து, எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணா இரு கண்ணா என்று மட்டும் கணக்குப் போட்டார். புற்று உருவாக மரபணுவுக்கு இரண்டு அடி விழ வேண்டும் என்ற கருத்து அதில் பிறந்தது. சோதனைக்குழாய் கூடத் தேவைப்படவில்லை. 48 பேரின் பழைய காகிதம்!

மருந்துச் சோதனைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்குத் தனி அரங்கமே வேண்டும். என் மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சி.டி. ஸ்கேன் முடிந்ததும் இயந்திரமே நோயாளி வாங்கிய கதிரின் அளவைத் திரையில் காட்டுகிறது. தொழில்நுட்பர்களே, உங்கள் கண்முன் நாள் முழுதும் வந்து போகும் எண் அது. பல இடங்களில் அந்த ஒரு வரி நோயாளி கைக்கு வரும் அறிக்கையில் ஏறுவதில்லை. தேவைப்படும் ஸ்கேனை எடுத்தே ஆக வேண்டும். பயந்து தவிர்க்கச் சொல்லவில்லை. எடுத்ததை எழுதுங்கள் என்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள், ஐயா. அரிய நோயுள்ள ஒவ்வொரு பிள்ளையையும், பெற்றோர் சம்மதத்தோடு, பெயரும் அந்தரங்கமும் காக்கப்படும் பதிவேட்டில் சேருங்கள். லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயை ஒரு மருத்துவமனை தனியாக ஆராய முடியாது. சேர்த்து வைத்தால் நாளைக்கு ஒரு நட்சன் வந்து படிப்பார்.

பெற்றோர்களே, உங்களிடமும் கேட்கிறேன்: முதல் தள்ளாட்டம் எந்த மாதம், முதல் காய்ச்சல் எப்போது, என்ன ஸ்கேன், எந்தத் தேதி என்று இன்று இரவே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பதிவேட்டுக்கான மாதிரிப் படிவம் ஒன்றைத் தயாரித்து வந்திருக்கிறேன். அதன் முதல் படியை முதல்வர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கொடுக்கிறேன். மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.