யார் கையில் விசில் இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். இன்று சமையலும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்த பிறகு உட்கார்ந்து, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் இரண்டு வாரங்களாகப் போட்டுவரும் ஒரு கணக்கை உங்களிடம் சொல்லப்போகிறேன். கைப்பேசியைப் பிடித்துப் படமெடுப்பவளும் அவளே என்பதால், நான் ஏதேனும் மாற்றிச் சொன்னால் நடுவிலேயே திருத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவளானதும் என்ன வேலைக்குப் போவாய் என்று பள்ளியில் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், இரவு சாப்பிடும்போது, அது மிஸ்ஸுக்காக எழுதியது என்றும், எந்த வேலையில் சுதந்திரம் அதிகம் என்று பார்த்துத்தான் தான் முடிவு செய்யப்போவதாகவும் சொன்னாள். சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய அளவுகோல் மிக எளிது: தனக்கு எதையெல்லாம் செய்யாதே என்கிறார்களோ, அதையெல்லாம் செய்யவிடுகிற வேலைதான் நல்ல வேலை.

அந்தக் கணக்கில் முதலிடம் பேருந்து நடத்துநருக்கு. வகுப்பில் அவள் அதிகம் கேட்கும் வாக்கியம் "இடத்தில் உட்கார்" என்பதாம். நடத்துநரோ உட்காரவே வேண்டியதில்லை. முன்னும் பின்னும் நடக்கிறார், நாம் நின்றால் திட்டு வாங்கும் படிக்கட்டுப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறார், ஒரு விசில் கொடுத்தால் அவ்வளவு பெரிய வண்டி நிற்கிறது, இரண்டு விசில் கொடுத்தால் புறப்படுகிறது. எல்லாவற்றையும்விட அவளை வியக்கவைத்தது, டவுன் பஸ்ஸில் என்னிடம் அவர் காசு வாங்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அந்த மனிதர் தமக்குப் பிடித்தவர்களிடம் காசு வாங்குவதில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் தாய்மாமா கும்பகோணம் தடத்தில் தனியார் பேருந்து ஒன்றில் 27 ஆண்டுகள் நடத்துநராக இருந்தவர். ஆகவே தீர்ப்பு கேட்க அவரிடமே அழைத்துக்கொண்டு போனேன். கணக்கு முடிக்கும்போது பையில் குறைகிற பணம் தம் கையிலிருந்துதான் போகும் என்பதையும், வழியில் செக்கிங் ஏறி டிக்கெட் இல்லாத ஒருவரைப் பிடித்தால் அந்த ஆள் அபராதத்தோடு போய்விட, தமக்குத்தான் விசாரணை காத்திருக்கும் என்பதையும், முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவே இரண்டு நிமிட டைமிங்குக்காக நடக்கும் சண்டைகளையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வேட்டியைச் சற்று உயர்த்திக் காலையும் காட்டினார். நாள் முழுவதும் நின்றே இருந்த கால். நரம்புகள் கெண்டைச் சதையில் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்படியென்றால் உங்களுக்குச் சுதந்திரமே இல்லையா, தாத்தா?" என்று கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, அய்யம்பேட்டை நிறுத்தத்தில் காய்கறிக் கூடையோடு ஒரு கிழவி தினமும் தாமதமாக ஓடிவருவாள் என்றும், டிரைவர் ஆக்சிலேட்டரை உறுமவைத்துக்கொண்டிருக்க, அவள் கூடையை ஏற்றி முடிக்கும்வரை இரண்டாவது விசிலைத் தாம் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். முதலாளி கேட்டாலும் டிரைவர் கத்தினாலும் அந்த இரண்டாவது விசில் தம்முடையதுதானாம். மகள் என்னை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தாள். நாங்கள் கிளம்பும்போது தம் பழைய விசிலை அவளிடமே கொடுத்துவிட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அடுத்த இடம் தெருவில் கூவி விற்பவர்களுக்கு. வீட்டுக்குள் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அதட்டப்படுகிறவளுக்கு, பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கத்துகிற ஒரு தொழில் இருப்பது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் கோலமாவு விற்பவர் இப்போது தம் குரலைப் பதிவு செய்து, வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் ஓடவிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வருவது அவளுக்குப் பெருத்த ஏமாற்றம். கத்த அனுமதி கிடைத்த ஒருவர் அதை ஏன் ஒரு பெட்டியிடம் கொடுத்தார் என்று கேட்கிறாள். தொண்டைக்கும் ஓய்வு வேண்டும் என்று சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை. ரயில்வே கேட் காவலருக்கும் நல்ல மதிப்பெண்தான், ஏனென்றால் கலெக்டர் கார் வந்தாலும் அவர் நிறுத்திவிடுவார். நிலையத்திலிருந்து தொலைபேசி வந்ததும் கேட்டை மூடி, மூடியதற்கு அடையாளமாக ஒரு எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும், மாற்று ஆள் வரும்வரை அந்தச் சிறிய அறையை விட்டு நகர முடியாது என்பதையும் சொன்னபோது, "எண்ணை ரகசியமாகச் சொல்வாரா?" என்று அதிலும் ஒரு பெருமையைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

மூன்றாவதாக அவள் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. தீபாவளிக்கு ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தோம். அங்கே புடவை காட்டும் அக்காக்கள், மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டுப்புடவைகளைப் பிரித்து வீசிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் என் பட்டுப்புடவையின் ஓரத்தைத் தொட்டாலே கை கழுவினாயா என்று கேட்கிறவள் நான். நூறு புடவைகளைக் கலைத்துப் போட்டும் யாரும் திட்டாத ஓர் இடம் அவளுக்குச் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கலைத்த அத்தனையையும் அவர்களே மடிக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்குக்கூட அவள் அசரவில்லை. பிறகு, காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை அவர்களில் பலர் உட்காராமலே நின்றவர்கள் என்று சொன்னேன்.

அவள் கேட்ட கேள்வி இதுதான்: "அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

வகுப்பில் எழுந்து நிற்பது தண்டனை. வீட்டுப்பாடம் எழுதாதவர்கள்தாம் நிற்பார்கள். நாள் முழுவதும் நிற்கவைத்தால் தப்பும் அவ்வளவு பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? உட்கார்ந்தே இருக்கச் சொல்வதும் நின்றே இருக்கச் சொல்வதும் ஒன்றுதான் என்பதை அவள் அந்த ஒரு கேள்வியில் பிடித்துவிட்டாள். நடத்துநர் நிற்பது அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், அவர் விரும்பினால் உட்காரலாம் என்று அவள் நினைத்திருந்ததுதான்.

இதைச் சட்டம் பேசுவதற்கே வெகுகாலம் ஆயிற்று. கோழிக்கோட்டில் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல்காரர் முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பின் வழியாகக் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம், பிறகு உட்காரும் உரிமை கேட்கும் போராட்டமாக வளர்ந்து, 2018இல் கேரளத்தில் சட்டத் திருத்தமாக முடிந்தது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, பணியாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள ஏதுவாக இருக்கை போட்டிருக்க வேண்டும் என்று ஆனது. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்று மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. நாங்கள் போன கடையில் ஓரிரு ஸ்டூல்கள் இருந்தன. அவற்றின்மேல் புடவைப் பெட்டிகள் இருந்தன.

அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். சம்பா அறுவடை முடிந்த பிறகு எங்கள் பக்கத்து வயல்களில் கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு வருவார்கள். ஆடுகள் இரவில் வயலில் தங்கினால் சாணமும் சிறுநீரும் மண்ணுக்கு உரம் என்பதால் வயல்காரர் அவர்களுக்குக் கூலி கொடுப்பார். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வருவதற்குள் மந்தைகள் நகர்ந்துவிடும். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஸ்கூட்டரில் போகும்போது, அப்படி ஒரு மந்தையின் பின்னால் கையில் கோலோடு ஒரு சிறுவனை அவள் பார்த்தாள். அவளைவிட இரண்டு வயது மூத்தவனாக இருக்கலாம். செருப்பு இல்லை, புத்தகப் பை இல்லை, யூனிபார்ம் இல்லை, ராத்திரி வானத்தின் கீழே படுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு தொடங்குவதற்கு முன்பே, வெகுநாள் அவள் மனத்தில் அவன்தான் முதலிடத்தில் இருந்தான். அன்று திங்கட்கிழமை காலை பத்து மணி என்பது அவளுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண்ணாகவே பட்டது.

எனக்கு அந்தப் பத்து மணிதான் உறுத்தியது. கடனுக்கு ஈடாக ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் விடப்பட்ட பிள்ளைகளை டெல்டா மாவட்டங்களில் அதிகாரிகள் மீட்ட செய்திகளைப் பல முறை படித்திருக்கிறேன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வண்டியை நிறுத்திப் பெரியவரிடம் கேட்டபோது தம் அக்காள் மகன் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வந்து, குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098க்கு அழைத்து இடத்தைச் சொன்னேன். மூன்றாம் நாள் அந்த வழியாகப் போனபோது வயலில் புழுக்கையும் குளம்புத் தடமும்தான் இருந்தன. இப்போது இந்தக் கணக்கில் அவன் பேச்சு வந்தபோது, இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவன் இரவில் தூங்க முடியாது, நாய் வந்தால் விரட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "அவன் வீட்டுக்குப் போகணும்னா போகலாமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அன்று மாலை நோட்டில் அவனுக்கு நேராகப் போட்டிருந்த மதிப்பெண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறாள்.

என் மதிப்பெண் என்ன என்று கேட்காமல் இருக்க முடியுமா? வீட்டு வேலைக்குப் பத்துக்கு ஒன்பது தந்தாள். இட்லியா தோசையா என்று முடிவு செய்பவள் நான்தானாம். மாவு புளித்த அளவுதான் அதை முடிவு செய்கிறது என்று விளக்கினேன். இந்த வீடியோ வேலைக்கு மட்டும் நான்கே மதிப்பெண். ஏன் என்றதற்கு, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன், நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தால் மறுபடி முதலிலிருந்து பேசுகிறேன் என்று மூன்று காரணங்களைச் சொன்னாள். மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

அவளுக்கே எந்த வேலை பிடித்திருக்கிறது என்று கேட்டேன். இப்போது செய்துகொண்டிருக்கும் இந்த வேலைதான் என்றாள்: கைப்பேசி அவள் கையில், சிவப்புப் பொத்தான் அவள் விரலடியில், கழுத்தில் மாமா கொடுத்த விசில். நான் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை அவள்தான்...

ஒரு விசில் கொடுத்துவிட்டாள். நிறுத்த வேண்டியதுதான்.