வலை எவ்வளவு நீரை வடிகட்டியது?

அனைவருக்கும் வணக்கம்.

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் மேற்குக் கரையில், வடக்கு 79 பாகையில், கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழி, இருக்கிறது. அதன் தென்கரையிலுள்ள நீ-ஓலசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது. 2014 ஜூலையில் அதே ஃபியோர்டில், 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், இண்டார்க் என்ற கருவித் தொடரை நங்கூரமிட்டு நிறுவினார்கள். அதை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம் ஆட்கள் வேலை செய்கிற நீர்தான் அது. அங்கே விலங்கு மிதவையுயிர்களை எப்படிப் பிடிப்பது, எங்கே ஏமாறுகிறோம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இடத்தைப் பாருங்கள். இந்த ஃபியோர்டின் வாயில் உயரமான கடலடித் திட்டு குறுக்கே கிடையாது. அதனால் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான உப்புநீர் உள்ளே நுழைகிறது. மறுகோடியில் க்ரோனெப்ரீன், கோங்ஸ்ப்ரீன் போன்ற பனியாறுகள் நேராகக் கடலில் வந்து முடிகின்றன. கோடையில் அவை உருகிவரும் நன்னீர், பாறையை அரைத்த மாவைச் சுமந்துகொண்டு பழுப்பாக மேலே படர்கிறது. அட்லாண்டிக் நீரோடு கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் வரும். ஆர்க்டிக்கின் ஆழம் குறைந்த கரையோரக் கடலுக்குச் சொந்தமானது கலானஸ் கிளேசியாலிஸ். இரண்டும் கோபிபாட்கள் என்னும் இறால் இனத்துச் சிற்றுயிர்கள்தாம். ஆனால் கொழுப்பில் பின்னதே கனம். லிட்டில் ஆக் பறவை தன் குஞ்சுக்குத் தேடிப் போவதும் அதைத்தான். எந்த நீர்ப்படலத்தில் எது இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரியால் பெரிய பயன் இல்லை.

ஆகவே வலைக்கு முன் சிடிடியை, அதாவது ஆழத்துக்கு ஆழம் உப்பையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியை, இறக்குங்கள். உப்புத்தன்மையும் வெப்பமும் எங்கே சட்டென மாறுகின்றன என்று பார்த்த பிறகே, இழுப்பின் ஆழங்களை முடிவு செய்ய வேண்டும். '50 மீட்டர், 100 மீட்டர்' என்று வட்ட எண்ணாக வெட்டினால், ஒரே இழுப்பில் நன்னீர்ப் படலமும் கடல்நீரும் கலந்துவிடும். எந்த உயிர் எங்கே இருந்தது என்பது பிறகு எந்தக் கணக்கிலும் திரும்பி வராது.

வலைக்கு வருவோம். வழக்கமானது டபிள்யூபி-2: வாய் விட்டம் 57 செ.மீ., பரப்பு 0.25 சதுர மீட்டர், கண்ணி 200 மைக்ரான். அடியில் 25 கிலோ எடை கட்டி இறக்கி, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் செங்குத்தாக இழுத்தால் 100 மீட்டருக்கு 200 நொடி. கம்பி சாய்ந்தால் ஆழம் ஏமாற்றும்: 100 மீட்டர் கம்பி 30 பாகை சாய்ந்தால் உண்மை ஆழம் 87 மீட்டர், 45 பாகை சாய்ந்தால் 71 தான். காற்றிலும் நீரோட்டத்திலும் படகு நகரும்போது சாய்வுமானியைப் பார்க்காமல், கம்பியை விடும் வின்ச் காட்டும் எண்ணை நம்பினால், இல்லாத ஆழத்திலிருந்து மாதிரி எடுத்ததாக எழுதிவிடுவீர்கள். அடியில் மென்சேறு, தரைக்குப் பத்து மீட்டர் மேலேயே நிறுத்துங்கள்.

200 மைக்ரான் கண்ணி கலானஸுக்குச் சரி. ஆய்தோனா சிமிலிஸ் போன்ற சிறு கோபிபாட்களும் நாப்ளியஸ் குஞ்சுகளும் அதன் வழியே நழுவிப் போகும். அவை வேண்டுமென்றால் 64 மைக்ரான் அளவில் இன்னொரு வலை. அது பாதி நேரத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதைத் தெரிந்தே இறக்குங்கள்.

இந்த வேலையின் முள் அடைப்புதான். பனியாற்று மாவு கண்ணியைவிட நுண்ணியது, போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உப்புநீரில் அது சளியோடு சேர்ந்து திரள்கிறது; திரள் வலையில் அப்பிக்கொள்கிறது. அடைத்த வலை நீரை உள்வாங்காமல் முன்னே தள்ளும்; தள்ளப்படும் நீரோடு உயிர்களும் விலகும். அதனால் வாயில், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே, உள்ளே போகும் நீரை அளக்கும் ஃப்ளோமீட்டர் கட்டாயம். இறக்கும்போது பின்னோக்கிச் சுழலாத தடுப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உறைந்து நின்றிருக்கவும் கூடும். ஒவ்வொரு இழுப்புக்கு முன்பும் விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு. 100 மீட்டர் இழுப்பு, 0.25 சதுர மீட்டர் வாய்: ஏட்டுக் கணக்கில் 25 கன மீட்டர். ஃப்ளோமீட்டர் சொல்வது 17 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் எட்டில் ஒரு பங்கைப் பிரித்து எண்ணியதில் 412 கலானஸ், முழுவதற்கு 3,296. இதை 25 ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 132. 17 ஆல் வகுத்தால் 194. ஒரே குடுவைதான், எண்கள்தாம் இரண்டு.

ஆனால் 17 என்று திருத்திவிட்டால் தீர்ந்ததா? இல்லை. செங்குத்து இழுப்பில் வலை ஆழத்தில் சுத்தமாகத் தொடங்குகிறது. மேலே, கலங்கிய படலத்துக்கு வரும்போதுதான் அடைக்கிறது. அந்த 17 கன மீட்டரில் பெரும்பகுதி ஆழத்து நீர். மேற்பரப்பில் வாழ்வன குறைத்துக் காட்டப்பட்டிருக்கும், எந்தப் பெருக்கலும் அதைச் சரி செய்யாது. செய்யக்கூடியது ஒன்றே: மேல் 20 மீட்டரைத் தனியாக, கழுவிய வலையில், குட்டையாக இழுப்பது. ஆழத்தில் மூடும் வலைக்கு, கம்பியில் சறுக்கிப் போகும் மெசஞ்சர் எடை போதும். வசதி இருந்தால் ஐந்து வலை கொண்ட மல்டிநெட்.

மேலே வந்ததும் வெளியிலிருந்து கடல்நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். உள்ளிருந்து பீய்ச்சினால் வடிகட்டாத நீரின் உயிர்களும் மாதிரியில் சேர்ந்துவிடும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் தாமதிக்காதீர்கள். வலையில் பனித்துகள் படிந்தால் கோபிபாட்களின் உணர்கொம்புகள் ஒடியும். மெர்டென்சியா போன்ற சீப்புக்கூழ் உயிர்களை முதலிலேயே எடுத்து எண்ணி விடுங்கள், ஃபார்மலினில் அவை கரைந்து கூழாகும்.

பதப்படுத்துவதில் நடக்கும் தவறு ஒன்று. தேவை 4% ஃபார்மால்டிஹைடு. கடையில் வாங்கும் ஃபார்மலினே 37 முதல் 40% கரைசல். அதை ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால்தான் 4% வரும். 250 மில்லி பாட்டிலில் 25 மில்லி. '4% ஃபார்மலின்' என்று எழுதியதைப் பார்த்து நூற்றுக்கு நான்கு ஊற்றினால் மாதிரி அழுகக்கூடும். வெங்காரம் சேர்த்து அமிலத்தைத் தணிக்காவிட்டால் லிமாசினா என்ற சிறகுநத்தையின் ஓடு கரைந்துவிடும். மரபணுவுக்கு வேண்டியவை தனியே 95% எத்தனாலில், மறுநாள் மாற்றி ஊற்றி. கலானஸ் இரண்டையும் நீளத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் தவறும். அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

மொத்தக் கன அளவை வைத்து உயிர்த்திரள் சொல்வதை இங்கே விட்டுவிடுங்கள். பாதி வண்டலாக இருக்கலாம். லேசர் எண்ணிகளும் மண் திரளை உயிரென்று எண்ணும். நுண்ணோக்கியில் முகம் பார்த்து எண்ணுவதே கடைசி வழி.

பனியாற்று முகப்பருகே இன்னொரு சிக்கல். அடியிலிருந்து பீறிடும் உருகுநீர் ஆழத்து உயிர்களை வாரிக்கொண்டு மேலே எழும். நன்னீரில் அவை மயங்கும், சாகும். கிட்டிவேக் கடற்புறாக்கள் அங்கே மொய்ப்பது அதனால்தான். வலை செத்ததையும் உயிருள்ளதையும் பேதமின்றி அள்ளும். ஆகவே பதப்படுத்தும் முன் ஒரு பங்கை நியூட்ரல் ரெட் சாயத்தில் 15 நிமிடம் வையுங்கள். உயிரோடிருந்தவை சிவக்கும், செத்தவை வெளிறியே நிற்கும். அந்த நிறம் நன்றாகத் தெரிய, பார்க்கும் முன் சிறிது அமிலம் சேர்க்க வேண்டும். லிமாசினாவுக்கு அதுவே ஆபத்து. சாயத்துக்கு வைக்கும் பங்கும் ஓட்டுக்கு வைக்கும் பங்கும் படகிலேயே பிரிய வேண்டும். பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள், மை எத்தனாலில் நிற்காது.