தெருவுக்குக் கூரை போட்ட ஊர்

பெருமதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகரசபை உறுப்பினர்களே, வாசிகசாலை நிர்வாகத்தினரே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம். எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் இந்த வயதிலும் படியேறி வந்து அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்கள் பாதங்களுக்கு என் முதல் வணக்கம். வாசலில் மண்பானையில் மோர் வைத்த மாதர் சங்கத்தாருக்குத் தனி நன்றி. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். மோரின் அருமையும் அப்படித்தான்.

'பருத்தித்துறையில் ஒரு கோடை நாள்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கடல், கல்வி, கல் என்ற மூன்றையும் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வாடைக்காற்றில் சீறுகிற வடகடல், வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்ததும் குளம்போல அடங்கிவிடும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதே காரணம். 1916 இல் எழுந்த வெளிச்சவீடு 32 மீற்றர் உயரத்தில் அந்த அமைதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேற்கே போனால் சக்கோட்டை முனை. இலங்கையின் நிலம் வடக்கே அங்கேதான் முடிகிறது. நாம் பருத்தியால் பெயர் வைத்த ஊரைப் போர்த்துக்கேயர் 'கற்களின் முனை' என்றார்கள். பஞ்சும் கல்லும் ஒரே ஊருக்குப் பெயராவது எவ்வளவு அழகு!

சென்ற வைகாசியில் வெளிநாட்டிலிருந்து வந்த என் பேரனை அங்கே கூட்டிப்போனேன். பதினொரு வயது. நெல்லியடி வழியாக பஸ்ஸில் போய் இறங்கினோம். கடற்கரையில் செருப்பைக் கழற்றி ஓடியவன், நாலே எட்டில் "கால் சுடுகிறது அப்பப்பா!" என்று துள்ளித் திரும்பினான். பருத்தித்துறை வடை ஒரு சரை வாங்கிக் கொடுத்தேன். அந்த மொறுமொறுப்பில் சூட்டை மறந்தான். பிறகு உறைப்பு ஏறியது, தண்ணீர்ப் போத்தல் முடிந்தது. தும்பளை வீதியில் நடந்தபோது முகம் சிவந்து, பேச்சு நின்றுவிட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அப்போதுதான் எதிரே தெருமூடி மடம் தெரிந்தது.

தெருவின் இருபுறமும் கல் திண்ணை, வரிசையாகக் கல் தூண்கள், மேலே தெருவையே மூடிய கூரை. பிள்ளையைத் திண்ணையில் இருத்தினேன். அவன் கன்னத்தைத் தூணில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். சைக்கிளில் நுங்குக் குலை கட்டிவந்த ஒருவர் தாமும் இளைப்பாற நின்றார். ஒரு காயைச் சீவி, "பெருவிரலால் தோண்டிக் குடி தம்பி" என்று நீட்டினார். சட்டையெல்லாம் நுங்குத் தண்ணீர்! உயிர் வந்தவன் முதலில் கேட்டது, "இது யாருடைய வீடு?" என்பதுதான். "களைத்து வருகிறவன் எவனோ அவனுடையது" என்றார் அந்த மனிதர். அந்த நேரம் ஒரு லொறி போனது. திண்ணையின் அதிர்வை என் முதுகில் உணர்ந்தேன். அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை.

அன்பர்களே, நிழலின் அருமை வெயிலில் தெரியும். அதைத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி வைத்தார்கள். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டினார்கள். மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக்கல், தாகம் தீர்க்கக் கேணி, தங்க மடம். இன்று வீதியை அகலமாக்கும்போது முதலில் விழுவது இவைதான். கேணியில் குப்பை கொட்டுகிறோம். பஸ்ஸுக்கு நிற்கும் கிழவி தகரக் கொட்டகையில் வேகிறாள்.

பருத்தித்துறையில் 1838 இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரியைப் பற்றி விரித்துரைக்க எண்ணியிருந்தேன். நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் அவர்கள் குறிப்புக் காட்டுகிறார்கள். அவர்களுக்குப் பணிந்து, ஒன்றே ஒன்றைக் கேட்டு அமர்கிறேன்.

நகரசபை உறுப்பினர்களே, தெருமூடி மடத்தினூடாகக் கனரக வாகனங்கள் போகாமல் தடுக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். பிள்ளைகளே, உங்கள் ஒழுங்கையில் உள்ள சுமைதாங்கி, கேணி, மடம் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வாருங்கள். வாசலில் மோர்ப்பானைக்குப் பக்கத்தில் விண்ணப்பம் இருக்கிறது. என் கையெழுத்தை முதலாவதாக இட்டிருக்கிறேன். இரண்டாவது வரி என் ஆசிரியருக்காகக் காத்திருக்கிறது.