வில்லை அறுக்கும் பிளேடு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். பழைய செட்டிநாட்டு வீடுகளின் நிலை, கதவு, தூண் இவற்றைச் செப்பனிடுவதுதான் எங்கள் குடும்பத்துத் தொழில். அப்பா காலத்தில் கைவாளும் உளியும்தான். வளையமான பிளேடு இரண்டு சக்கரத்தில் சுற்றி ஓடி அறுக்கிற பேண்ட் சா மிஷின் என் காலத்தில் வந்தது. சில வருடங்களாக அந்த மிஷினிலேயே வில்லும் செய்கிறோம். என் தங்கச்சி மகன் கல்லூரியில் வில்வித்தை பழகினான். "மாமா, நல்ல வில்லெல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வருது, விலை கட்டுப்படியாகலை" என்று அவன் வந்து நின்றதில் தொடங்கிய வேலை இது.

வில் செய்வதில் எவ்வளவோ சங்கதி இருக்கிறது. இன்றைக்கு நான் பேச வந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த வில்லை அறுக்க எந்த பிளேடு? இதைத் தனியாகப் பேச வேண்டிய அவசியம் எனக்கு முதல் வில்லிலேயே வந்துவிட்டது.

இப்போது பழகுகிற வில் ஒற்றைக் கம்பில் செதுக்கியது இல்லை. நடுவில் மூங்கில் அல்லது மரத்தின் மெல்லிய பட்டைகள், மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி நார்ப் பட்டை, எல்லாவற்றையும் எபாக்சி பசை போட்டு அச்சில் இறுக்கி ஒன்றாக ஒட்டுவோம். காய்ந்த பிறகு ஒரே அகலமான பலகை மாதிரி இருக்கும். அதன்மேல் கோடு போட்டு, நுனிக்குப் போகப் போக ஒடுங்கும்படி இரண்டு பக்கமும் அறுத்து எடுக்க வேண்டும். 66 அங்குல வில் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 132 அங்குலம், அதாவது 11 அடி வெட்டு. அந்த 11 அடி முழுக்க பிளேடு கண்ணாடி நாரைத்தான் கடித்துக்கொண்டு போகிறது.

அப்போது மிஷினில் இருந்தது சாதாரண கார்பன் ஸ்டீல் பிளேடு. வாங்கின கடையில் கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதாண்ணே, மரம் அறுக்கிறதுதானே" என்றார்கள். முதல் ஒன்றரை அடி வெண்ணெய் மாதிரி போனது. அப்புறம் கையால் தள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது பக்கத்தில் பாதி போவதற்குள் புகை வந்துவிட்டது. பசை கருகுகிற அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. மழுங்கின பிளேடு நேராகப் போகாது, கோட்டை விட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாட்கணக்காக இழைத்து ஒட்டிய வில், பிடிக்குப் பக்கத்தில் கோட்டுக்கு உள்ளே நாலு மில்லிமீட்டர் அறுபட்டுப் போயிற்று. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டைக் கையில் எடுத்து விரலால் தடவிக்கொண்டே நின்றான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? பர்மா தேக்கை அறுத்துப் பழகின நம்ம ஊர் ஆசாரிமார்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தேக்கு இழைப்பதற்கு இதமான மரம்தான், ஆனால் உளியைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது, நுண்ணிய மணல் மாதிரி. மூங்கிலின் வெளித்தோலிலும் அதேதான். ஃபைபர் கிளாஸிலோ சிலிக்காதான் முதல் சரக்கு. அதனால் அங்கே பல் மரத்தைச் சீவுவதில்லை. கண்ணாடி நாரை உடைத்துக்கொண்டு போகிறது. உடைந்த ஒவ்வொரு நுனியும் திரும்பப் பல்லைச் சாணைக்கல் மாதிரி தேய்க்கிறது. 14 அங்குலச் சக்கரம் உள்ள மிஷின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் பிளேடு ஏறக்குறைய 2,900 அடி ஓடும். 93½ அங்குல பிளேடில் ஒவ்வொரு பல்லும் நிமிடத்துக்கு 370 தடவைக்கு மேல் அந்தக் கண்ணாடியில் போய் மோதுகிறது. தேய்மானம் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். கார்பன் ஸ்டீல் பல் 200 டிகிரி தாண்டினாலே கடினம் இழக்கத் தொடங்கும். பல் இளகினால் இன்னும் தேயும், தேய்ந்தால் இன்னும் சூடாகும். நான் பார்த்த புகை அதுதான்.

என் கணக்கு என்னவென்றால், பிளேடு வாங்கும்போது அது எதை அறுக்கும் என்று கேட்பதைவிட எது அதைக் கொல்லும் என்று கேட்க வேண்டும். தேய்மானமா, சூடா, அடிபடுவதா? மூன்றுக்கும் மூன்று விடை.

எங்கள் பட்டறைக்குப் பொருந்தியது பைமெட்டல் பிளேடு. இதில் முதுகு வளைந்து கொடுக்கிற ஸ்பிரிங் ஸ்டீல். பல் இருக்கிற ஓரத்தில் மட்டும் ஹைஸ்பீடு ஸ்டீல் கம்பியை வைத்து வெல்டு பண்ணி, அதில் பல் வெட்டியிருப்பார்கள். எம்-42 என்று எழுதியிருந்தால் அதில் 8 சதவீதம் கோபால்ட் இருக்கிறது என்று பொருள். கார்பன் பிளேடின் பல் ராக்வெல் என்கிற கடின அளவில் 64 சுமார் என்றால் இது 67, 68 வரும். எண்ணைப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் இந்தப் பல் 500 டிகிரி தாண்டியும் கடினம் குறையாமல் நிற்கும், பெரிய வித்தியாசம் அதில்தான். விலை கார்பன் பிளேடைப் போலப் பல மடங்கு. கார்பன் பிளேடு ஒரு வில்லையே முடிக்காத பட்டறையில், ஒரு பைமெட்டல் பிளேடு பத்து வில்லைத் தாண்டியும் கோடு பிடித்து அறுக்கிறது. கெட்டுப்போகிற வில்லின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், மலிவான பிளேடுதான் எங்களுக்கு அதிகச் செலவு வைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு, இது நம்ம ஊருக்கே உரியது. முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கி வருகிற பழைய மரங்களில் நல்ல வைரம் பாய்ந்த தேக்கு கிடைக்கும், வில்லின் பிடிக்கு அது அழகாக அமையும். ஆனால் உள்ளே எந்தக் காலத்து ஆணி இருக்கிறது என்று சொல்ல முடியாது. காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்தாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். பைமெட்டல் பல் சின்ன ஆணியில் பட்டால் கொஞ்சம் மழுங்கும், பெரும்பாலும் உடையாது. ரொம்பக் கடினமான, ஆனால் நொறுங்கக்கூடிய கார்பைடு பல் வைத்த பிளேடோ தெறித்துவிடும்.

கார்பைடைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தேய்மானம் மட்டும் என்றால் அதற்கு நிகர் இல்லை. டங்ஸ்டன் கார்பைடுக்குக் கண்ணாடியே ஒரு பொருட்டில்லை. ஆனால் அந்த பிளேடுகள் பெரும்பாலும் தடிமனானவை, நன்றாக விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். நம்மிடம் உள்ள சின்ன மிஷின்களின் ஸ்பிரிங்கால் அவ்வளவு இழுக்க முடியாது. தடித்த பட்டை சின்னச் சக்கரத்தில் சுற்றிச் சுற்றி, பல் இடுக்கில் வெடிப்பு விடும். பெரிய சக்கரமும் ஆணியில்லாத புது மரமும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பல்லே இல்லாமல் ஓரத்தில் கார்பைடு பொடி ஒட்டின பிளேடும் உண்டு. ஓடு, கண்ணாடி நார்ப் பலகை எல்லாம் அறுக்கும். மரத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்துக் கருக்கிவிடும். கண்ணாடி அதிகம், மரம் குறைவு என்கிற வேலைக்கு அது சரி.

அடுத்தது பல் எண்ணிக்கை. எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது பொருளுக்குள் இருக்க வேண்டும். வில்லின் கை, அதாவது பிடிக்கு இரண்டு பக்கமும் வளைகிற பகுதி, 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அங்குலத்துக்கு 6 பல் உள்ள பிளேடில் இரண்டு பல்தான் உள்ளே இருக்கும். கண்ணாடி ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். அங்குலத்துக்கு 10 முதல் 14 பல் வேண்டும். அதே பிளேடை 2 அங்குலப் பிடிக்கட்டைக்குப் போட்டால் தூள் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும், அங்கே 4 அல்லது 6 பல் போதும். பிளேடின் அகலம் வில்லின் கைக்கு அரை அங்குலம், பிடியின் வளைவுக்குக் கால் அங்குலம். இரண்டு பிளேடு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

நுனி வளைந்த வில்லை அறுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வளைவு மேஜையில் படியாது. பல் படுகிற அந்த இடத்தில் வில் மேஜையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடியில் விரல் அளவு சந்து இருந்தால்கூட பிளேடு வில்லைக் கீழே அடித்து இழுக்கும், கையும் கூடவே போகும், நல்ல பிளேடும் முறுக்கி உடையும். நான் வெட்ட வெட்ட வில்லை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, பல்லுக்கு நேர் கீழே தொடும்படி கொண்டுபோகிறேன். கோடு தெரிவதற்குக் கண்ணாடி நார்ப் பட்டையின் மேல் காகித டேப் ஒட்டி அதில் வரைகிறேன். கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி அறுத்துவிட்டு, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுப்பேன்.

புது பிளேடு போட்டவுடன் வேகமாகத் தள்ளக் கூடாது. முதல் வில்லின் முதல் பக்கம் முழுவதும் பாதி அழுத்தத்தில் போங்கள். கூர்மையான நுனி மெல்ல மெருகேற வேண்டும், இல்லாவிட்டால் அந்த நுனி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மாலையில் வேலை முடிந்ததும் விறைப்பைத் தளர்த்திவிடுங்கள். பல்லில் ஒட்டின பசையைப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

தூசி விஷயத்தைக் கடைசியில் சொல்வதால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடி நாரின் தூள் கண்ணுக்குத் தெரியாது, தோலில் குத்தும், மூச்சில் போகும். துண்டைக் கட்டிக்கொண்டால் அது நிற்காது. என்-95 முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் அதைச் செய்தேன். என் சின்ன மகள் இரண்டு நாள் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். காரணம் புரிந்த அன்றிலிருந்து பட்டறைச் சட்டை பட்டறையிலேயே தனி வாளியில் நனைகிறது.

வில் செய்து பார்க்க ஆசைப்படுகிற தம்பிமார்கள் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் இருந்தால், மழுங்கின பழைய பிளேடு ஒன்றை எடுத்து நகத்தின் மேல் மெல்ல வைத்துப் பாருங்கள். புது பிளேடின் பல் நகத்தில் பற்றி நிற்கும். மழுங்கினது வழுக்கும். வில்லை மேஜையில் வைப்பதற்கு முன்னால் நான் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். வணக்கம்.